பெரியவர் வந்திருக்கிறார்

பால்வாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே பிள்ளைகள் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் சத்துமாவு கிண்டும் வாசம் வந்தது. அது ஒரு திங்கட்கிழமை காலை. எழுபதுகளின் கடைசியில் ஏதோ ஒரு வருஷம்.

"உள்ள வாங்கண்ணே. செருப்ப அங்கனயே விட்டுட்டு வாங்க, யாரும் தூக்கிட்டுப் போயிற மாட்டாக" என்றார் டீச்சர்.

"இருக்கட்டும் டீச்சர். இங்கனயே நின்னு பாத்துக்கிறேன்."

"நின்னுக்கிட்டே பாக்க இது என்ன தேரா?"

டீச்சரின் பெயர் தங்கபுஷ்பம். எங்கள் காலனியில் பால்வாடி தொடங்கியபோது வேலைக்கு வந்தவர். என்னைவிட வயதில் இளையவர். இருந்தாலும் அவரை நிமிர்ந்து பார்த்துப் பேச எனக்கு வராது. யாரிடமும் வராது. பத்திரிகையில் எழுதச் சொன்னதால்தான் இத்தனை வாரமாக இவ்வளவையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மேடையில் ஏறிச் சொல்லச் சொல்லியிருந்தால் போடி ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஓடியிருப்பேன்.

டீச்சரின் சேலைக்குப் பின்னால் என் மகள் மாரி நின்றாள். நாலு வயது. என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த பிள்ளையின் காதில் ஏதோ சொன்னாள். அந்தப் பிள்ளை உரக்கவே கேட்டது:

"டீச்சர், மாரி வீட்டுக்கு வர்ற ஜீப்பு மாமாவா இது?"

எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். மாரியும் சிரித்தாள்.

நான் அவளைப் பெற்ற தகப்பன்.

ஜீப்பு மாமா

சென்ற வாரம் என் கல்யாணத்தையும், ஏலத்தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டில் நாங்கள் குடித்தனம் நடத்தியதையும் எழுதியிருந்தேன். மாரி அந்த லயத்தில்தான் பிறந்தாள். பிறந்த முதல் மழைக்காலத்திலேயே அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. பனி இறங்கினால் நெஞ்சு விசில் அடிக்கும். ஆஸ்பத்திரியில், "இந்தக் குளிர் புள்ளைக்கு ஆகாது, கீழ கொண்டு போயிருங்க" என்றார்கள்.

என் மனைவி பேச்சியம்மாள் பிள்ளையோடு போடிக்கு இறங்கிவிட்டாள். சரக்கு வைக்கும் கிட்டங்கியில் காய் பொறுக்கும் வேலை கிடைத்தது. எங்கள் ஊரில் காய் என்றால் ஏலக்காய். மற்றதெல்லாம் காய்கறி. நான் மலையிலேயே இருந்தேன். களை வெட்டுவது, மருந்தடிப்பது, பச்சைக் காயை உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு எரிப்பது என்று சோலி எப்போதும் இருந்தது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை பொழுது சாய இறங்குவோம். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறுவோம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். உள்ளே உட்கார்ந்தவன் மடியில் ஒருவன், அவன் மடியில் மூட்டை. பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவன் போடிமெட்டு வளைவுகளில் காற்றில் போவான். காலனி முக்கில் வந்து நிற்கும்போது எல்லோருக்கும் ஒரே நிறம், ஒரே வாசம். புகையும் ஏலமும் ஈரக் கம்பளியும் கலந்த வாசம்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூக்கம். திங்கட்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி ஜீப்பு.

மாரிக்குப் பேச்சு வந்தபோது, ஜீப்பிலிருந்து இறங்குகிற ஆம்பளைகள் எல்லோரும் அவளுக்கு மாமா. நானும் ஜீப்பிலிருந்து இறங்கினேன். அதனால் நானும் மாமா.

பேச்சி முதலில் சிரித்தாள். பிறகு திருத்திப் பார்த்தாள். "அடியே, அது அப்பாடி. அப்பான்னு சொல்லு."

மாரி என்னை ஏற இறங்கப் பார்ப்பாள்.

நானும் எனக்குத் தெரிந்ததைச் செய்து பார்த்தேன். கொய்யாப்பழம் கொண்டுவருவேன். வாங்கிக்கொண்டு ஓடிவிடுவாள். ஒருநாள் கையை நீட்டி, "வா மோளே" என்று கூப்பிட்டேன். மலையில் மலையாளத்துக்காரர்களோடு சேர்ந்து வேலை பார்த்ததில், மகளே என்கிற அந்த வார்த்தை எனக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் தாயின் காலைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "எம்பேரு மோளே இல்ல. மாரி."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பிள்ளை வளர்ந்து, கல்யாணமாகி, நான் கிழவனாகிற வரைக்கும் இப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருக்குமோ என்று ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

அப்பா வேஷம்

ஒரு சனிக்கிழமை நான் இறங்கியதும் பேச்சி ஒரு சேதி சொன்னாள்.

பால்வாடியில் பிள்ளைகள் வீட்டு விளையாட்டு விளையாடுவார்களாம். அம்மா வேஷம் போடுகிற பிள்ளை சோறாக்கும், தண்ணீர் எடுக்கும், காய் பொறுக்கும், பிள்ளையை அடிக்கும். அப்பா வேஷம் போடுகிற பிள்ளைக்கு ஒரே வேலை. சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்துத் தூங்குவது. மற்ற பிள்ளைகள் அதைச் சுற்றி, "சத்தம் போடாதீக, அப்பா தூங்குது" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டு நடப்பார்களாம்.

"டீச்சரு வயிறு வலிக்கச் சிரிச்சாகளாம். அப்பறம் யோசிச்சாகளாம்" என்றாள் பேச்சி. "திங்கக்கெழம காலையில ஆம்பளைக எல்லாம் டீக்கடையில சும்மாதான உக்காந்திருக்கீக? அந்நேரம் பால்வாடிக்கு வந்து புள்ளைககூட இருக்கணுமாம். சொல்லிவிட்டிருக்காக."

"நாங்க போயி என்ன செய்ய?"

"தூங்காம இருந்தாப் போதும்னு சொன்னாக."

மறுநாள் தூங்கி எழுந்து டீக்கடைக்குப் போனால் அங்கேயும் இதே பேச்சு. எனக்கு மாமன் முறையான சின்னாண்டி கண்ணாடித் தம்ளரை ஆட்டிக்கொண்டே சிரித்தார். அவரும் என்னோடு அதே தோட்டத்தில் வேலை பார்த்தவர். நாலு பிள்ளைகள். கடைசிப் பையன் பால்வாடியில் இருந்தான்.

"எலேய், பொம்பளைக நடத்துற எடத்துல நமக்கு என்னடா சோலி? பால் குடிக்கவா?"

"மாவு தருவாகண்ணே" என்றான் ஒருவன்.

"அப்ப நாளைக்கு நான் சட்டியோட போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் திங்கட்கிழமை விடிந்ததும் குளித்து, வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டேன். பேச்சி பார்த்தும் பார்க்காததுபோல் அடுப்பைப் பார்த்துக்கொண்டாள்.

டீக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். "என்ன மாப்ளே, அனா ஆவன்னா எழுதப் போறியா? சிலேட்டு எங்க?" என்று சின்னாண்டி மாமா கத்தினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கதவோரம்

நான் எட்டாவது வரை படித்தவன். பள்ளிக்கூடத்தில் எங்கள் காலனிப் பிள்ளைகளுக்குக் கதவோரம்தான் இடம். யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை. முதல் நாள் அங்கே உட்காரச் சொன்னார்கள், கடைசி நாள் வரை அங்கேயே உட்கார்ந்தோம். வெயில் காலத்தில் காற்று வரும். மழைக்காலத்தில் சாரல் அடிக்கும். வாத்தியார் குரல் பாதிதான் கேட்கும். கேள்வி கேட்க வேண்டுமென்றால் எழுந்து நின்று கத்த வேண்டும். கத்துவதற்கு வெட்கப்பட்டே நான் கேள்வி கேட்காதவனாகிவிட்டேன்.

அதனால்தான் பால்வாடிக்குப் போன அன்றும் கால் தானாகக் கதவோரம் நின்றுவிட்டது. பிள்ளைகள் 'ஜீப்பு மாமா' என்று சிரித்த பிறகு திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. பாயை இழுத்து நடுவில் போட்டார். "வந்து உக்காருங்கண்ணே. புள்ளைகளுக்கு ஒங்களப் பாக்கணுமாம்" என்றார். பிறகு என் கையில் படம் ஒட்டிய அட்டைக் கட்டு ஒன்றைக் கொடுத்தார். "நீங்க ஒவ்வொண்ணாக் காட்டுங்க. அது பேரச் சொல்லுங்க. அவுக திருப்பிச் சொல்லுவாக. அம்புட்டுத்தான்."

உட்கார்ந்தேன். இத்தனை சின்ன முகங்கள் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்ததில்லை.

"பூனை" என்றேன்.

"பூனை!"

"காக்கா."

"காக்கா!"

"ஆடு."

"ஆடு!"

சத்தம் ஏறிக்கொண்டே போனது. எனக்கும் தைரியம் ஏறியது. அடுத்த அட்டையைத் திருப்பினேன். தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு, வெள்ளைத் தந்தத்தோடு அது நின்றது.

என் வாய் மூடிக்கொண்டது.

பேர் சொல்லக் கூடாது

மலையில் வேலை பார்க்கிற யாரும் அதன் பெயரைச் சொல்லமாட்டோம். சொன்னால் கேட்கும், கேட்டால் வரும் என்பது எங்கள் நம்பிக்கை. "பெரியவரு" என்போம். "ஓடைப் பக்கம் பெரியவரு தண்ணி குடிக்கிறாரு, இந்தப் பக்கம் வாங்க" என்று காதோடு சொல்வோம். புதிதாக வந்தவன் யாராவது வாய் தவறிப் பெயரைச் சொல்லிவிட்டால் அவனுக்கு அன்று பூராவும் வசவுதான்.

எனக்கு இது மலைக்குப் போகும் முன்பே பழக்கம். என் அப்பா தேவாரம் பக்கம் மலையடிவாரத்துச் சோளக்காட்டுக்குக் காவல் இருந்தவர். ஒருநாள் பொழுது சாயும் நேரம், சோளத் தட்டைகள் தானாக நகர்ந்தன. அப்பா என்னை இழுத்து உட்கார வைத்து வாயைப் பொத்தினார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டு, ஊர்ப் பெரிய மனிதரிடம் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னார்: "பெரியவரே, இது கூலிக்காரன் காவலு. கொஞ்சமா சாப்புட்டுட்டுப் போயிருங்க." அது கொஞ்சமாகச் சாப்பிடவில்லை. ஆனால் போய்விட்டது.

அப்பாவோடு நான் அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்திருந்தது அன்று ஒருநாள்தான். அதனாலோ என்னவோ, அந்த நினைவில் எனக்குப் பயமே இல்லை.

"என்னண்ணே நிப்பாட்டிட்டீக? சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"நான் மத்தியானம் மலைக்குப் போகணும் டீச்சர்."

டீச்சருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கண்ணை விரித்தார். "அப்ப நீங்க எப்படிக் கூப்புடுவீகளோ அப்படியே சொல்லுங்க. எழுத்துச் சொல்லிக் குடுக்கையில நான் அது பேரச் சொல்லிக்கிறேன். நான் ஒண்ணும் மலைக்குப் போகல."

"பெரியவரு" என்றேன்.

"பெரியவரு!" என்று கத்தினார்கள்.

"கத்தக் கூடாது. பெரியவரு வந்தா சத்தமே இருக்கக் கூடாது."

ஒரே நொடியில் அந்த அறை அடங்கியது. டீச்சர் கம்பை எடுத்தாலும் அப்படி அடங்காதாம், பிறகு சொன்னார். நான் குரலைத் தாழ்த்தி, பெரியவர் வந்தால் மலையில் என்ன செய்வோம் என்று சொல்லிக் கொடுத்தேன். ஓடக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடிக்க வேண்டும். மறைவாகப் போய்க் குத்தவைக்க வேண்டும். சின்னப் பிள்ளை யாராவது அழுதால் வாயைப் பொத்த வேண்டும். யாரையும் தனியாக விட்டுவிட்டு ஒளியக் கூடாது. "பெரியவரு போயிட்டாரு" என்று சொன்ன பிறகுதான் எழுந்திருக்க வேண்டும்.

"நீங்க பாத்திருக்கீகளா?" என்று ஒரு வாண்டு கேட்டது.

"பாத்திருக்கேன்."

"எம்புட்டுப் பெருசு?"

கையை விரித்தேன். போதவில்லை. எழுந்து நின்று விரித்தேன்.

சேலைக்குப் பின்னாலிருந்து மாரி ஒரு அடி முன்னால் வந்தாள்.

திங்கட்கிழமைகள்

அதன் பிறகு இறங்கும்போதெல்லாம் திங்கட்கிழமை காலை எனக்குப் பால்வாடி என்றாகிவிட்டது. பெரியவர் விளையாட்டு விளையாடாமல் பிள்ளைகள் விடமாட்டார்கள். மாவு டின்களை அடுக்கியிருந்த மூலைதான் மறைவிடம்.

ஒருநாள் சின்னாண்டி மாமா கதவருகே வந்து நின்றார். "எம்மகன் வீட்டுல ஒரே அலும்பு பண்றான். பெரியவரு வந்துட்டாருன்னு சொல்லி என்னையக் கட்டிலுக்கடியில தள்ளுறான். இங்கன என்னதான்டா நடக்குது?" என்றார். கையில் சட்டி கிடையாது. உள்ளே வந்தவர், பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பெரியவராக நடந்தார். அவருக்கு அந்த வேஷம் பொருந்தியது. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவன் ஏலச்செடித் தட்டையில் பீப்பி செய்து ஊதினான். இன்னொருவன் சின்ன ஓலைக் கொட்டான்களை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லிக் கொடுத்தான். எழுதப் படிக்கத் தெரியாதவன் கதை சொன்னான். அந்தக் கதைகளில் பாதி பொய்.

வீட்டு விளையாட்டும் மாறிவிட்டதாக டீச்சர் சொன்னார். அப்பா வேஷக்காரனுக்கு இப்போது தூங்க நேரமே இல்லையாம்.

எல்லாம் நன்றாக இருந்தது. மாரியும் இப்போது என்னைக் கண்டு ஓடுவதில்லை. பக்கத்தில் வந்து உட்காருவாள். என் கைக் காய்ப்பைத் தொட்டுப் பார்ப்பாள். ஆனால் கூப்பிடமாட்டாள். ஏதாவது வேண்டுமென்றால், "இந்தா, இதப் பாரு" என்பாள். மாமா என்பதும் நின்றுவிட்டது. அந்த இடம் சும்மா கிடந்தது. நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற விஷயமா அது?

வந்தவர்

மதுரையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பால்வாடியைப் பார்க்க வருகிறார் என்று டீச்சருக்குச் சேதி வந்தது. தகப்பன்மார் வருவதையும் அவர் பார்க்கட்டும் என்று, டீச்சர் எங்கள் திங்கட்கிழமையாகவே கேட்டு வாங்கியிருந்தார். ஆனால் அன்று பார்த்து மற்றவர்கள் ஜீப்புக்கு மூட்டை ஏற்றப் போய்விட்டார்கள். நான் மட்டும் இருந்தேன்.

பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் வைத்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "வணக்கம் ஐயா" சொல்லிப் பழகியிருந்தார்கள். நான் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றேன். முக்கில் பார்த்துக்கொண்டிருந்த ஆயா வீராயி, கார் வந்து நின்றதும் மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"டீச்சர், பெரியவரு வந்துட்டாரு! வெரசா வாங்க, பெரியவரு வந்துட்டாரு!"

அவ்வளவுதான்.

ஒரு சத்தம் இல்லை. பிள்ளைகள் கையைக் கையைப் பிடித்தார்கள். பெரியதுகள் சின்னதுகளை இழுத்தன. கண்மூடித் திறப்பதற்குள் வரிசை முழுவதும் மாவு டின்களுக்குப் பின்னால் போய்க் குத்தவைத்துவிட்டது.

அதிகாரி உள்ளே வந்தார். நல்ல பருமனான மனிதர். வெறும் பாயைப் பார்த்தார். சுவரில் இருந்த படங்களைப் பார்த்தார். "பிள்ளைகள் எங்கேம்மா?" என்றார். டீச்சர் மூலையைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் டின்களுக்கு இடையிலிருந்து மாரி எட்டிப் பார்த்தாள். நான் வெட்டவெளியில், ஒளியாமல், தனியாக நின்றுகொண்டிருந்தேன். அவள் முகம் மாறியது. மறைவை விட்டு வெளியே வந்தாள். அதிகாரியைப் பார்க்கவே இல்லை. நேராக என்னிடம் வந்து வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா" என்றாள், காற்று மட்டும் வருகிற குரலில். "அப்பா, உக்காரு. பெரியவரு."

நான் அசையாமல் நின்றிருக்க வேண்டும். ஏனென்றால் அவள் மறுபடி சொன்னாள். "வாப்பா!"

இழுத்த இழுப்புக்குப் போனேன். டின்களுக்குப் பின்னால் என்னை உட்கார வைத்தாள். நான் எங்கே சத்தம் போட்டுவிடுவேனோ என்று சின்னக் கையால் என் வாயைப் பொத்தினாள்.

வெளியே டீச்சர் திக்கித் திக்கி விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. பிறகு அதிகாரி சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு. டின்கள் அதிர்ந்தன. பிள்ளைகள் இன்னும் ஒடுங்கினார்கள்.

"சரி, நான் இருக்கிற வரைக்கும் வெளியே வரமாட்டார்களா?"

"போயிட்டாருன்னு அந்த அண்ணன் சொல்லணும் சார். அவுகதான் சொல்லிக் குடுத்தாக. அண்ணே, சொல்லுங்கண்ணே!"

என்னால் சொல்ல முடியவில்லை. என் வாய் பொத்தியிருந்தது. அந்தக் கையை எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. மதுரையிலிருந்து வந்தவர் காத்திருந்தார். டீச்சர் இன்னொரு தடவை கூப்பிட்டார். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் அந்த நல்ல மனிதர் தானாகவே வெளியே போய் நின்றார். வீராயி எட்டிப் பார்த்து, "போயிட்டாரு, பெரியவரு போயிட்டாரு" என்றாள். மாரி கையை எடுத்தாள். பிள்ளைகள் வரிசைக்குத் திரும்பினார்கள். அவர் மறுபடி உள்ளே வந்தார். "சார் வந்திருக்காக" என்று டீச்சர் வார்த்தையை மாற்றிச் சொன்னார். "வணக்கம் ஐயா" என்று கூரை பிய்ந்து போகக் கத்தினார்கள்.

அவர் போகும்போது என் தோளில் தட்டி ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள். எனக்குக் காதில் விழவில்லை. காதில் வேறொன்று இருந்தது.

பகலில் ஜீப்பு வந்தது. பேச்சி இடுப்பில் மாரியோடு முக்குவரை வந்திருந்தாள். அதுவரை நான் கிளம்பும்போது மாரி திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அன்று நான் பின்கம்பியைப் பிடித்து ஏறியதும் அவளுக்கு உதடு பிதுங்கியது. வண்டி நகர்ந்ததும் ஆரம்பித்துவிட்டாள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, முகம் சிவக்க, தெரு கூடுகிற மாதிரி ஓர் அழுகை. பேச்சியால் பிடிக்க முடியவில்லை.

வண்டி திரும்பி, அவர்கள் மறைந்த பிறகும் அந்தச் சத்தம் கேட்டது.

சின்னாண்டி மாமா என் முகத்தை உற்றுப் பார்த்தார். "என்ன மாப்ளே, புள்ள அங்கன அந்த அழுகை அழுகுது, நீ இங்கன பல்லக் காட்டுற?"

"தேடுது மாமா" என்றேன். "என்னையத் தேடுது."